குளிரில் கூடி ஓடியவர்கள்

கூட்டமாக ஓடிப் பயிற்சி செய்யும் குழுக்கள் எல்லாம் நேற்றைய சமாச்சாரம், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த மோஸ்தர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை மக்களே. அதற்கு 150 வயசுக்கு மேல் ஆகிறது. அதுவும் முதன்முதலில் ஆரம்பித்ததே குளிர்காலத்துக்காகத்தான்.

தில்லிக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது நவம்பரில் எங்கள் குடியிருப்புப் பக்கத்துக் குழு ஒன்றில் நானும் சேர்ந்தேன். காலை ஐந்தரைக்கு, எட்டு டிகிரியில், கையுறை போட்ட விரல் விறைத்துப்போய் நிற்கும்போது "இந்த வழக்கத்தை எவன்யா கண்டுபிடிச்சான்" என்று ஒரு கடுப்பு வந்தது. அந்தக் கடுப்பில்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். பி.காம். படித்தவனுக்கு எந்தக் கணக்கையும் ஓப்பனிங் பேலன்ஸிலிருந்து பார்த்தால்தான் தூக்கம் வரும்.

ஓப்பனிங் பேலன்ஸ் லண்டனில் இருக்கிறது. தேம்ஸ் நதியில் படகு வலிக்கும் கிளப் ஒன்றின் ஆட்களுக்குக் கோடையில் வேலை இருந்தது, குளிர்காலத்தில் இல்லை. உடம்பு ஊதிவிடக் கூடாதே என்று 1867 டிசம்பரில் விம்பிள்டன் காமன் என்கிற புதர்க்காட்டு வெளியில் ஓட்டப் பந்தயம் ஒன்று வைத்தார்கள். பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷமே, 1868ல், 'தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' என்று தனி கிளப் ஆகிவிட்டது. உலகத்தின் முதல் கிராஸ் கன்ட்ரி ஓட்ட கிளப் அதுதான். இன்றைக்கும் இருக்கிறது. இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வால்டர் ரை. தொழில் வக்கீல், பொழுதுபோக்கு பழைய ஆவணங்களைக் கிளறுவது. நம்ம ஜாதிதான், காகிதப் புழு!

பெயரைக் கவனியுங்கள். ஹேர் என்றால் முயல், ஹவுண்ட்ஸ் என்றால் வேட்டை நாய்கள். இரண்டு பேர் முயலாகி, பை நிறையக் கிழித்த காகிதத்தைத் தூவிக்கொண்டே முன்னால் ஓடுவார்கள். சில நிமிஷம் கழித்து மீதிப் பேர் நாயாகி, அந்தக் காகிதத் தடத்தை மோப்பம் பிடிப்பதுபோல் தேடிக்கொண்டே துரத்துவார்கள். வங்கியில் ஷ்ரெட்டர் மெஷினிலிருந்து தினமும் விழும் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இதுதான் ஞாபகம் வருகிறது. இந்த விளையாட்டை அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஷ்ரூஸ்பரி, ரக்பி பள்ளிகளில் பையன்கள் இதை அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தார்கள். ரக்பி பள்ளியின் 'கிரிக் ரன்' 1837ல் தொடங்கியது.

ஏன் குளிர்காலம்? படகுக்காரர்களுக்கு ஓய்வு காலம் என்பது ஒன்று. இன்னொன்று, அறுவடை முடிந்து வயல்கள் சும்மா கிடக்கும். யார் பயிரையும் மிதிக்காமல் வேலி தாண்டிப் போகலாம். குதிரையேறி நரி வேட்டைக்குப் போகிற பணக்காரர்களுக்கும் அதே காரணத்தால் அதே பருவம்தான். வேட்டையின் பருவத்தோடு அதன் பெயர்களும் சேர்ந்து வந்துவிட்டன. முயல் பிடிக்கும் நாய்க்கு ஹாரியர் என்று பெயர். இங்கிலாந்தில் பல ஓட்ட கிளப்புகளின் பெயர் இன்றும் ஹாரியர்ஸ் என்றே முடியும். பர்மிங்ஹாமின் பர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் 1877ல் வந்தது. கும்பலுக்குப் 'பேக்' என்று பெயர், வேகமானவர்கள் ஒரு பேக், மெதுவானவர்கள் ஒரு பேக். இன்று எங்கள் குழுவில் "ஆறரை நிமிஷக் கோஷ்டி, எட்டு நிமிஷக் கோஷ்டி" என்று பிரிக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இது. (நான் எட்டு நிமிஷக் கோஷ்டி. அதாவது கிலோமீட்டருக்கு எட்டு. மைலுக்கு என்று யாரும் தப்பாக நினைத்துப் பாராட்டிவிட வேண்டாம்.)

1876ல் நடந்தது இன்னும் தமாஷ். இங்கிலாந்தின் முதல் தேசிய கிராஸ் கன்ட்ரி பந்தயம் எப்பிங் காட்டில் வைத்தார்கள். ஓடிய 32 பேரும் வழி தவறிவிட்டார்கள். பந்தயமே செல்லாது என்று அறிவித்து, அடுத்த வருஷம் மறுபடி நடத்தினார்கள்.

ஆனால் சிரித்து முடித்துவிடுகிற கதை இல்லை இது. அந்தக் காலத்தில் கிளப்பில் யார் சேரலாம், யார் கூடாது என்பதுதான் பெரிய கேள்வி. 1866ல் ஆரம்பித்த அமெச்சூர் அத்லெடிக் கிளப், கைவேலை செய்து பிழைக்கும் மெக்கானிக், தொழிலாளி, கூலி யாரும் 'அமெச்சூர்' ஆக முடியாது என்று விதி வைத்திருந்தது. தினமும் உடம்பால் உழைக்கிறவன் எங்களோடு ஓடினால் அது நியாயமில்லை என்று காரணம் சொன்னார்கள். கூடவே ஓடி, கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்குமே என்பதுதான் உள்காரணம் என்பது என் அபிப்பிராயம். 1880ல் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் வந்தபிறகுதான் இந்த விதி போயிற்று. அதன் பிறகே ஆலைத் தொழிலாளிகளின் ஊர்களில் ஹாரியர்ஸ் கிளப்புகள் புற்றீசல் மாதிரி கிளம்பின. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தில்லிக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தக் காகித விளையாட்டு கப்பலேறி மலாயாவுக்கும் போயிற்று. கோலாலம்பூரில் 1938 டிசம்பரில் ஏ.எஸ். கிஸ்பர்ட் என்பவர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' ஆரம்பித்தார். ஹாஷ் ஹவுஸ் என்பது அவர்கள் சாப்பிட்ட மெஸ்ஸுக்கு வைத்த கேலிப்பெயர். சாப்பாடு அப்படி! அங்கே குளிர்காலம் ஏது, அதனால் வாராவாரம் திங்கட்கிழமை சாயங்காலம் ஓடினார்கள். சனி, ஞாயிறு குடித்ததை இறக்குவதற்காம். இந்த கிஸ்பர்ட் தொழில்முறையில் ஒரு அக்கவுன்டன்ட் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். கணக்குப்பிள்ளைகள் குலப்பெருமை! 1942 பிப்ரவரியில், ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்பு, அவர் சண்டையில் இறந்துபோனார். தப்பித்த நண்பர்கள் யுத்தம் முடிந்ததும் மறுபடி கூடி ஓட ஆரம்பித்தார்கள். இன்று உலகமெங்கும் அந்தப் பெயரில் கிளைகள் இருக்கின்றன.

சரி, எங்கள் குழுவில் செவ்வாய்க்கிழமை உயிரை வாங்குகிறார்களே, 400 மீட்டர் வேகமாக, கொஞ்சம் மூச்சு வாங்கல், மறுபடி 400 என்று, அது எங்கிருந்து வந்தது? 1930களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைண்டெல் என்ற இதய டாக்டரும் சேர்ந்து, நாடித்துடிப்பை அளந்து அளந்து, வேகத்துக்கும் ஓய்வுக்கும் கணக்குப் போட்டார்கள். கெர்ஷ்லரின் சீடர் ஹார்பிக் 1939ல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1955 வரை நின்றது. ஹார்பிக் நிற்கவில்லை. 1944ல் போர்முனையில் மாண்டுபோனார். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக் இதே முறையைப் பேய்த்தனமாகச் செய்தார். ராணுவ பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனியில் காட்டுப்பாதையில் ஓடினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார்.

இவர்களெல்லாம் வீரர்கள். நம்மை மாதிரி தொப்பைக்காரர்கள் எப்போது உள்ளே வந்தோம்?

அதற்கு நியூசிலாந்து போக வேண்டும். ஆர்தர் லிடியார்ட், ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பக்கத்துத் தெருப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு வாரம் 160 கிலோமீட்டர் ஓடவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வையதாருவா மலைப்பாதையில் 35 கிலோமீட்டர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் அவர் பையன்கள் இரண்டு பேர், பீட்டர் ஸ்னெல் 800லும் மர்ரே ஹால்பர்க் 5000லும் தங்கம் வாங்கினார்கள். உலகம் மூக்கில் விரல் வைத்தது. ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை அதுவல்ல. 1962ல் 'ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப்' என்று ஒன்று வந்தது. அதில் சேர்ந்தவர்களில் மாரடைப்பு வந்து பிழைத்த நடுத்தர வயசுக்காரர்கள் உண்டு. மாரடைப்பு வந்தால் கட்டிலை விட்டு இறங்காதே என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லிடியார்ட் அவர்களை மெதுவாக, பேசிக்கொண்டே ஓடச் சொன்னார். பேச முடியவில்லையா, வேகம் அதிகம். அவ்வளவுதான் சூத்திரம்.

அந்த டிசம்பரில் (அங்கே அது கோடை) அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மன் தன் பையன்களோடு அங்கே போனார். உலகத்தரம் வாய்ந்த ஓட்டக்காரர்களை உருவாக்கியவர், வயசு 51. ஒரு ஞாயிறு லிடியார்ட் அவரையும் ஓடக் கூப்பிட்டார். கொஞ்ச தூரத்திலேயே நுரை தள்ளிவிட்டது. 70ஐத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு பெரியவர், இவருக்குத் துணையாகப் பின்தங்கி, பேசிக்கொண்டே கூட வந்தாராம். எங்கள் குழுவில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். பஞ்சாபி, 62 வயசு. "ஆவோ அண்ணா ஜி, ஆவோ" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார். (தெற்கத்திக்காரன் எவனும் இங்கே 'அண்ணா'. அதற்கு மேல் ஒரு 'ஜி' வேறு.) அதனால் போவர்மன் பட்ட பாடு எனக்கு நன்றாகவே புரிந்தது.

போவர்மன் ஊர் திரும்பி 1963 பிப்ரவரியில், யூஜீன் நகரின் குளிரில், "ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள், ஜாகிங் சொல்லித்தருகிறேன்" என்றார். முதல் வாரம் கொஞ்சம் பேர். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம். யாராவது மயங்கி விழுந்து வைக்கப்போகிறார்கள் என்று அவரே பயந்து, அவரவர் தெருவில் ஓடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அப்புறம் ஹாரிஸ் என்ற இதய டாக்டரோடு சேர்ந்து 'ஜாகிங்' என்றே ஒரு புத்தகம் எழுதினார், 1967ல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. நடுவில் 1964ல் ஃபில் நைட் என்ற பழைய மாணவரோடு செருப்பு வியாபாரமும் ஆரம்பித்தார். அந்தக் கம்பெனிதான் பின்னால் நைக்கி ஆயிற்று. முதல் போட்டது ஆளுக்கு 500 டாலர். வங்கிக்காரனுக்கு வயிறு எரியாதா பின்னே?

தங்கமணி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் ஆம்பிளைங்க கதையாவே இருக்கே" என்றாள். நியாயமான கேள்வி. 1966ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற 19 வயசுப் பெண் ஓட வந்தாள். பெண்களுக்கு அணியே கிடையாது. ஆண்கள் அணியோடு பயிற்சி மட்டும் செய்துகொள்ள விட்டார்கள். அங்கே தபால் கொடுக்கிற ஆர்னி பிரிக்ஸ், 50 வயசு, பாஸ்டன் மாரத்தானைப் பதினைந்து தடவை ஓடியவர். பனிக்கு அந்த ஊர் பேர்போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து ஓடினார்கள், அவர் பாஸ்டன் கதை சொல்லச் சொல்ல. "அப்ப நானும் அங்கே ஓடறேன்" என்றாள். பெண்களால் முடியாது என்றார் அவரே! ஆனால் பயிற்சியில் முடித்துக் காட்டினால் தானே கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்தார். 31 மைல் ஓடிக் காட்டினாள். முடிவில் மயங்கி விழுந்தது பிரிக்ஸ்தான். 1967 ஏப்ரலில், பனியும் மழையுமாகக் கொட்டின நாளில், 261ஆம் எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தவளை ஒரு நிர்வாகி பாய்ந்து வந்து வெளியே இழுக்கப் பார்த்தது படமாகவே இருக்கிறது, அவள் ஓடியும் முடித்தாள். (முந்தின வருஷமே பாபி கிப் என்ற பெண் எண் இல்லாமல் ஓடி முடித்திருந்தார்.) பாஸ்டனில் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1972ல்.

கதையைக் கேட்ட மறுவாரம் தங்கமணியும் குழுவுக்கு வந்தாள். இப்போது ஏழு நிமிஷக் கோஷ்டி. மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.

இந்தியாவுக்கு வருவோம். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காம்காரர் பி.டி. சௌகுலே 19ஆவதாக வந்திருக்கிறார். 1951ல் தில்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தபோது மாரத்தான் தங்கம் சோட்டா சிங்குக்கு, வெண்கலம் தில்லிக்காரர் சூரத் சிங் மாத்தூருக்கு. அடுத்த வருஷம் ஹெல்சிங்கியில் ஸாடோபெக் ஜெயித்த அதே மாரத்தானை மாத்தூரும் ஓடி 52ஆவதாக முடித்தார். 1978ல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடியதை நாற்பது வருஷத்துக்கு மேல் எந்த இந்தியராலும் தாண்ட முடியவில்லை. ஆனால் நம் ஊரில் நெடுங்காலம் ஓட்டம் என்றாலே ராணுவம், ரயில்வே, போலீஸ்தான். ஓடினால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் ஓடலாம். மாதச் சம்பளக்காரன் சும்மா ஓடுகிற பழக்கம், 2004ல் மும்பை மாரத்தானும் 2005ல் தில்லி அரை மாரத்தானும் வந்த பிறகுதான் பரவியது. சென்னை ரன்னர்ஸ் 2006ல் ஆரம்பித்தது. மற்றபடி குளிர்மாதத்து விடியலில் கூட்டமாகத் தெருவைச் சுற்றுவது நமக்கொன்றும் புதுசில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்தினாரே! இதை ஊரில் அம்மாவிடம் சொன்னேன். "அவங்க நடந்தாங்க, ஓடலை. காதுல பஞ்சு வெச்சுக்கோ" என்று போனை வைத்துவிட்டாள்.

இனிமேல்தான் விஷயமே. நீண்ட ஓட்டத்துக்கு ஏற்ற வெப்பம் 10 டிகிரியை ஒட்டித்தான். உடம்பு உண்டாக்கும் சூட்டை வெளியே தள்ள அதுதான் வசதி. தில்லிக் குளிர்காலக் காலை அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆனால் அதே குளிர்தான் புகையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. காற்று அசையாது, மேலே சூடான அடுக்கு ஒன்று மூடி போட்டுவிடும். வண்டிப்புகை, தூசி, வயலில் எரிக்கும் வைக்கோல் தாள் எல்லாம் உள்ளேயே கிடக்கும். சும்மா உட்கார்ந்தால் நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்று உள்ளே போகும். வேகமாக ஓடினால் 60 லிட்டருக்கு மேல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விம்பிள்டனில் ஆரோக்கியத்துக்காக எந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே பருவம் இங்கே ஆரோக்கியத்துக்கு எதிரி.

2017 நவம்பரில் புகை முற்றி, பள்ளிகளை மூடினார்கள். 19ஆம் தேதி அரை மாரத்தான். இந்திய மருத்துவச் சங்கம் தள்ளிவையுங்கள் என்று உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோர்ட் தடுக்கவில்லை, பந்தயம் நடந்தது. (அடுத்த மாதமே கோட்லா மைதானத்தில் இலங்கை வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு டெஸ்ட் ஆடினார்கள், நினைவிருக்கும்.) 2018லிருந்து பந்தயத்தை அக்டோபருக்கு நகர்த்திவிட்டார்கள், 2020 மட்டும் விதிவிலக்கு. டாக்டர்கள் சொன்னது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் மும்பை மாரத்தான் ஜனவரியில். அதற்குத் தயாராக வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பரில் ஓடியாக வேண்டும். பந்தயம் நகர்ந்துவிட்டது, பயிற்சி நகரவில்லை.

இதற்காக எங்கள் குழுவில் ஒரு மாதம் சண்டை நடந்தது. காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் வேகப் பயிற்சி கிடையாது, 300ஐத் தாண்டினால் வெளியிலேயே கிடையாது, அவரவர் வீட்டு மாடிப்படி என்று முடிவாயிற்று. ஞாயிறு நெடு ஓட்டம் காலை ஐந்தரையிலிருந்து வெயில் ஏறின பிறகு பத்து மணிக்கு மாறிற்று. பெரும்பாலும் அதற்குள் மூடி கொஞ்சம் விலகியிருக்கும்.

கட்டுப்படாதது இரண்டு பேர். பக்கத்துக் கிராமத்துப் பையன்கள், எங்களோடு செவ்வாய்க்கிழமை மட்டும் ஓட வருவார்கள். ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்துக்குத் தயாராகிறார்கள். 1600 மீட்டர், ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மார்க். காற்று மோசம் என்று அவர்களுக்கு யாரும் தேதி மாற்றித் தரமாட்டார்கள், மாடிப்படி ஏறி அந்த வேகமும் வராது. அவர்களை முதலில் சேர்ப்பதா வேண்டாமா என்றே பேச்சு எழுந்தது. சந்தா கட்டுவதில்லை, "நம்ம டைப் இல்லை" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். 1866 விதிதான், தில்லி இந்தியில். டீச்சரம்மா அன்று போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. பையன்கள் இருவரும் கோவிட் காலத்தில் வாங்கி மிச்சமிருந்த என்95 முகமூடிகளை எங்களிடம் வாங்கிக்கொண்டார்கள். மெதுவாக ஓடும்போது போட்டுக்கொள்கிறார்கள், வேகத்துக்கு வரும்போது கழற்றிவிடுகிறார்கள்.

தில்லி, நொய்டா, குர்காவ் பக்கம் புதிதாக வந்திருக்கிற நம்மவர்கள் யாராவது இந்தக் குளிருக்கு ஒரு குழுவில் சேர நினைத்தால், முதலில் காற்று விஷயத்தில் அவர்கள் என்ன வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வரம்பே இல்லை, ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற குழு வேண்டாம். ஆஸ்துமா, இதயத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். மெல்லிசாக இரண்டு அடுக்கு உடுப்பு, கையுறை போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி கேப் வேண்டாம், பத்தே நிமிஷத்தில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவீர்கள்.